தாரின் விளிம்பு

நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்த நம்மவர்கள் அந்த நாட்டைப் பற்றி எழுதினால் முதல் பத்திக்குள்ளேயே சைக்கிள் வந்துவிடும். துலிப் பூவும் காற்றாலையும் அதற்குப் பிறகுதான். ஐந்தோவனுக்கு மென்பொருள் வேலைக்குப் போனவரும் சரி, எண்பதுகளில் ஈழத்திலிருந்து அகதியாகப் போய்ச் சேர்ந்தவரும் சரி, சொல்லிச் சொல்லி மாளாத காட்சிகள் சில உண்டு. பிரதமராக இருந்த மார்க் ருட்டே சைக்கிளில் அலுவலகம் போனார். எழுபது வயதுப் பாட்டி முன்கூடையில் காய்கறியை வைத்துக்கொண்டு நிதானமாக மிதித்துப் போகிறாள். ஒரு அம்மா முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பிள்ளைகளை உட்காரவைத்து மழையோடு மழையாகப் பள்ளிக்கூடம் போகிறாள். இதற்கென்று யாரும் தனி உடுப்பு உடுத்துவதில்லை. பெரும்பாலோர் தலைக்கவசம்கூடப் போடுவதில்லை. வியப்பு நியாயமானதுதான். ஒன்றேமுக்கால் கோடிக்கும் சற்று மேற்பட்டோர் வாழும் நாட்டில் இரண்டேகால் கோடிக்கும் மேல் சைக்கிள்கள் இருக்கின்றன. அங்கே நடக்கும் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கும் அதிகமானவை சைக்கிளில்தான். இடறுவது அவர்கள் சொல்லும் காரணம். "அது அவங்க ரத்தத்துலயே ஊறினது", "அது அவங்க பண்பாடு" என்பார்கள். பண்பாடு என்று சொல்லிவிட்டால் பேச்சுக்கு வேலையில்லை. அவர்களுக்கு வாய்த்தது, நமக்கு வாய்க்கவில்லை என்று பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். லப்பைக்குடிக்காட்டில் நின்று பார்க்கும்போது எனக்கு இது அப்படியே தலைகீழாகப் படுகிறது. அந்தப் பண்பாடு நம்மிடமும் இருந்தது. அது தங்குவதற்கு ஒரு தடம் வேண்டியிருந்தது. அதை நாம் போடவில்லை.

லப்பைக்குடிக்காடு பெரம்பலூர் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், வெள்ளாற்றுக்குத் தென்புறம் உள்ள பேரூராட்சி. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர். தெருவுக்குத் தெரு ஆட்கள் கடல் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஆகவே வெளிநாட்டைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே 'வெளிநாடு' என்ற சொல்லுக்கு ஆம்ஸ்டர்டாம் என்று பொருள் கிடையாது. சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்றுதான் பொருள். வளைகுடா நகரங்களில் சைக்கிள் மிதிப்பவர் யார் என்பது அங்கே போய்வந்த எல்லோருக்கும் தெரியும்: கட்டட வேலைக்காரர், துப்புரவுத் தொழிலாளி, பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவர். அங்கே அகன்ற சாலை காருக்கு. அதன் ஓரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு போவது நம் ஆள். அப்படிப் பத்து வருஷம் மிதித்தவர் ஊர் திரும்பியதும் பிள்ளைக்கு பைக் வாங்கிக் கொடுக்கிறார் என்றால், அதை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. நெதர்லாந்திலிருந்து எழுதுபவரும் குவைத்திலிருந்து திரும்பியவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒருவர் அதைத் தடத்தின்மீது வைத்துப் பார்த்தார். மற்றவர் தடமில்லாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருவர் முடிவும் அவரவர் பார்த்த சாலையில் பிறந்தது.

பொருள் ஒன்றேதான் என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் 'பாட்டி சைக்கிள்' என்று செல்லமாகக் கூப்பிடும் வண்டியை நம் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டினால் அவருக்குப் புதிதாகத் தோன்ற எதுவும் இருக்காது. முதுகு வளையாமல் நிமிர்ந்து உட்காரும் இருக்கை, உடம்பை நோக்கி வளைந்து வரும் ஹேண்டில்பார், சங்கிலியில் துணி சிக்காதபடி முழுக்க மூடிய செயின் கவர், பின்னால் கேரியர், டயரில் உரசி எரியும் டைனமோ விளக்கு. பின்பக்கம் மிதித்தால் நிற்கும் பிரேக் மட்டும்தான் நம்மூரில் பரவலாக இல்லாதது. இரண்டுக்கும் தாய் ஒன்று, பழைய ஆங்கிலேய ரோட்ஸ்டர். அந்தக் குடும்பத்து ஹெர்குலிஸைத்தான் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஐம்பதுகளிலிருந்து செய்து தள்ளியது. நெதர்லாந்தில் 1924 முதல் 1941 வரை சைக்கிளுக்கு வரி உண்டு. கட்டியதற்கு அடையாளமாக ஒரு உலோகத் தகடு தருவார்கள். நம்மூர் உள்ளாட்சிகளும் அதேபோல வரி வாங்கிக்கொண்டு வில்லை கொடுத்தன. பின் மட்கார்டில் நம்பர் எழுதிய வாடகை சைக்கிள். மணிக்கணக்கைக் குறித்துவைக்கும் அழுக்கேறிய நோட்டு. பாருக்கு அடியில் காலை நுழைத்து அரைப் பெடல் மட்டும் மிதித்துப் பழகும் குரங்குப் பெடல். முன்னால் பாரில் பிள்ளை, பின்னால் கேரியரில் மனைவி, ஹேண்டிலில் தொங்கும் தூக்குவாளி. பண்பாடு என்பதற்கு வேறென்ன இலக்கணம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூட இந்தியாவில் 100க்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது.

டச்சுக்காரர் ரத்தத்தில் சைக்கிள் ஊறியிருக்கிறது என்பவர்கள் 1971ஆம் ஆண்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். போர் முடிந்து கையில் காசு சேர்ந்ததும் அந்த நாடும் மற்ற நாடுகளைப் போலவே காரின் பின்னால்தான் ஓடியது. சைக்கிள் பழைய காலத்துச் சாமான் ஆயிற்று. 1967இல் ஜோகினன் என்ற அமெரிக்கத் திட்டக்காரர், ஆம்ஸ்டர்டாமின் தொழிலாளர் குடியிருப்புகளை இடித்து நகரின் நடுவே அகலச் சாலைகள் போடலாம் என்று யோசனை சொன்னபோது அதைக் காது கொடுத்துக் கேட்டவர்களும் இருந்தார்கள். 1971இல் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் செத்தவர்கள் 3,200க்கும் மேல். அதில் நானூறுக்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். தன் ஆறு வயது மகளைச் சாலையில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர், 1972 செப்டம்பரில் 'டே டைட்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற அதன் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. விபத்து என்று நாசூக்காகச் சொல்லாமல் கொலை என்று சொன்னதில்தான் அதன் வலு. ஆம்ஸ்டர்டாமின் டே பைப் பகுதியில் பிள்ளைகளே தெருவை மறித்தார்கள், விளையாட இடம் கேட்டார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. ஆளற்ற நெடுஞ்சாலையில் ஜனங்கள் சைக்கிளில் உலாவிப் பார்த்தார்கள். 1975இல் சைக்கிளோட்டிகளுக்கென்று ஒரு சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே, குடியிருப்புத் தெருவில் கார் நடைவேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற ஏற்பாடு சட்டமானது. இன்று விருந்தாளி கண்டு மகிழும் 'இயல்பு', ஐம்பது வருஷம் போட்ட சண்டையின் மிச்சம்.

அந்தச் சண்டை எங்கே போய் உறைந்தது என்று தேடினால் தரையில் கிடைக்கும். டச்சு நகரங்களில் பெரிய சாலையிலிருந்து சின்னத் தெரு பிரியும் பல இடங்களில் நடைபாதையும் சைக்கிள் தடமும் அறுபடாமல் ஒரே மட்டத்தில் நேராகப் போகும். தெருவுக்குள் திரும்ப நினைக்கும் கார்தான் அந்த மேட்டில் ஏறி இறங்க வேண்டும். நம்மூரில் நேர்மாறு: கார் வழுக்கிக்கொண்டு போகும், நடப்பவர் இறங்கி ஏறுவார். யார் யாருக்கு வழிவிடவேண்டும் என்பதை அங்கே போலீஸ்காரர் நின்று சொல்ல வேண்டியதில்லை. நாலு விரற்கடை மேடு சொல்லிவிடுகிறது. அதற்கு மேலே சட்டம். மோட்டார் வண்டியும் சைக்கிளும் மோதினால் சைக்கிள்காரரின் இழப்புக்குப் பெரும்பாலும் மோட்டார் வண்டிக்காரர் தரப்புதான் பொறுப்பு. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையானால் ஏறக்குறைய முழுப் பொறுப்பும். 'என்ன பொறுமையாக ஓட்டுகிறார்கள்!' என்று நம்மவர் மெச்சும் பொறுமையில் சட்டத்துக்குப் பாதிப் பங்காவது உண்டு. மீதிப் பங்கு, அந்த ஓட்டுநரும் சாயங்காலம் சைக்கிள் மிதிப்பவர் என்பதால் வந்தது.

நமக்கு இப்படி ஒரு எழுச்சி வாய்க்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பெரம்பலூரைப் போலவே பழைய திருச்சி மாவட்டத்தின் ஒரு துண்டான புதுக்கோட்டையில், 1991இல் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒன்றரை வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகிக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். கல்குவாரிக் கூலிகள், விவசாயத் தொழிலாளிகள், செவிலியர், ஆசிரியைகள், அவர்களில் முஸ்லிம் பெண்களும் உண்டு. சைக்கிள் ஆர்வலர் முத்துபாஸ்கரன் அதற்கென்றே பாட்டு எழுதினார். அந்தப் பதிவில் என் மனதில் தங்கிவிட்ட தகவல் ஒன்று: கடையில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனபோது பெண்கள் ஜென்ஸ் சைக்கிளை வாங்கினார்கள், சிலர் அதையே விரும்பினார்கள், ஏனென்றால் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம். சேலை கட்டியவருக்குப் பார் இடைஞ்சல் என்று உலகம் முழுக்கத் தயாரிப்பாளர்கள் எண்ணியிருக்க, புதுக்கோட்டைப் பெண் அதை இன்னொரு இருக்கையாக்கிக்கொண்டாள். ஊர்ப் பேச்சைப் புறந்தள்ளி ஒரு லட்சம் பெண்கள் சாலைக்கு வந்தார்கள் என்றால், பண்பாடு தடையாக இருந்தது என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது. பிறகு என்ன ஆயிற்று? பெண்கள் வந்துவிட்டார்கள், சாலை அவர்களுக்காக ஒரு அங்குலம்கூட மாறவில்லை. பைக்கும் லாரியும் பெருகப் பெருக அந்தச் சக்கரங்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வீட்டுத் திண்ணைக்குத் திரும்பின.

தமிழ்நாட்டு அரசு சைக்கிளை மறந்துவிடவில்லை, இதுதான் விசித்திரம். 2001இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், 2005இல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. இப்படிக் கொடுப்பது வீண்செலவு என்பவர்களுக்கு பீகார் பதில் சொல்லும். 2006இல் அங்கே மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்ததை, பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலை வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகள் 32 விழுக்காடு கூடியிருந்தார்கள்; பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். சக்கரம் கொடுத்தால் பிள்ளை படிக்கிறாள். சரி, அந்தச் சக்கரம் எதன்மேல் உருளுகிறது? சாயங்காலம் பள்ளி விட்டதும் பெரம்பலூர், அரியலூர் கிராமத்துச் சாலை எதிலாவது நின்று பார்க்கலாம். தார் முடியும் இடத்தில் மண் அரையடி இறங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் மேலே புதுத் தார் போட்டுக்கொண்டே போவதால் வருஷத்துக்கு வருஷம் அந்தப் பள்ளம் ஆழமாகிறது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. முன்கூடையில் புத்தகப் பையோடு போகிற பெண் ஓரம் கட்டுகிறாள். முன்சக்கரம் விளிம்பிலிருந்து சரளையில் இறங்குகிறது, ஹேண்டில் ஆடுகிறது, ஒரு காலை ஊன்றி நின்றுவிடுகிறாள். பஸ் போன பிறகு வண்டியைத் தூக்கித் தாரில் ஏற்றுகிறாள். எறையூர் சர்க்கரை ஆலை அரைவைக் காலத்தில் பஸ்ஸுக்குப் பதில் இருபக்கமும் கரும்பு பிதுங்கும் டிராக்டர். அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர். திட்டத்தின் கணக்கில் சைக்கிளின் விலை இருக்கிறது. இந்த அரையடி எந்தக் கணக்கிலும் இல்லை. 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். மக்கள்தொகைக்கு ஈடுகட்டிப் பார்த்தால் அது நெதர்லாந்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

முதல் ஆட்சேபம் எப்போதும் வெயில். பெரம்பலூரில் மே மாத உச்சிவேளையில் சைக்கிள் மிதிக்கச் சொல்வது கொடுமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடமும் சந்தையும் காலையிலும் சாயங்காலமும்தான். இதே வெயிலில்தான் நம் தாத்தாக்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போய்வந்தார்கள். அவர்களுக்குச் சாலையின் இருபுறமும் புளியமரம் இருந்தது. சாலையை அகலப்படுத்தும்போது மரத்தை வெட்டினோம். வெட்டிவிட்டு வெயிலைக் குறை சொல்கிறோம். டச்சுக்காரருக்கும் எதிர்க்காற்றும் மழையும் ஓயாத தொல்லைதான், மலை இல்லை என்பதைத் தவிர அவர்கள் பூமியில் சைக்கிளுக்குப் பெரிய சலுகை ஒன்றுமில்லை. லப்பைக்குடிக்காட்டுப் பக்கமும் சமவெளிதான்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அதை வெயில்போலத் தட்டிவிட முடியாது. சைக்கிள் ஏழையின் வண்டி, அதைப் புகழ்வது வயிறு நிறைந்தவரின் பொழுதுபோக்கு என்பது. ஏழை என்று சொல்வதுகூடப் போதாது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் தலித்துகள் ஆதிக்க சாதித் தெருவுக்குள் சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. தீண்டாமையின் வடிவங்களைப் பட்டியலிட்டவர்கள் இதைத் தவறாமல் எழுதியிருக்கிறார்கள். அப்படித் தள்ளிக்கொண்டு போனவரின் மகன் புல்லட் வாங்கி அதே தெருவில் சத்தத்தோடு போகிறான் என்றால் அந்தச் சத்தத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவனிடம் போய் ஆம்ஸ்டர்டாமைப் பார், சைக்கிளுக்குத் திரும்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. குடியேறியவர்களின் வியப்புக் கட்டுரைகளில் எனக்குள்ள பெரிய மனக்குறையும் இதுதான்: சைக்கிளை அவை ஒரு நற்குணமாக்கிவிடுகின்றன. நற்குணம் என்றால் மிதிக்காதவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். டச்சு அனுபவத்தில் குணத்துக்கு அவ்வளவு இடம் இல்லை. சைக்கிளை விட்டவர்களை வெட்கப்படுத்தி அவர்கள் எதையும் சாதிக்கவில்லை. கார் வைத்திருப்பவரும் பக்கத்தில் பால் வாங்கப் போகும்போது சைக்கிளை எடுக்கிறார், அது சுலபம் என்பதால். மதிப்பு பின்னால் தானாக வந்தது. ஆகவே இந்த வாதம் பைக்கில் போகிறவரை இறங்கச் சொல்லவில்லை. இன்னும் மிதித்துக்கொண்டிருப்பவர் நடுங்காமல் போக வழி கேட்கிறது.

அப்படி இன்னும் மிதிப்பவர் யார் என்று கேட்டால் மூன்றாவது ஆட்சேபத்துக்கும் பதில் கிடைக்கிறது. பெண்களுக்கு ஸ்கூட்டர் வந்துவிட்டது, 2018இல் அரசே மானியம் கொடுத்தது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. இனி எதற்குச் சைக்கிள்? இரண்டும் நல்ல திட்டங்கள். சைக்கிளால் முடியாத தூரத்தை அவை முடிக்கின்றன. 2022இல் எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியபோது சொல்லப்பட்ட ஆயிரக்கணக்கான வேலைகளில் பெரும்பங்கு பெண்களுக்கு. அவர்களில் தொலைவிலிருந்து வருபவர்களுக்குப் பஸ்தான் சரி. ஆனால் கியர் வைத்த வண்டிக்கு உரிமம் வாங்கப் பதினெட்டு வயது ஆகவேண்டும், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் வேண்டும், பஸ்ஸுக்கு நேரம் உண்டு. பத்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை, யாரையும் கேட்காமல் தன் நேரத்தில் தானே ஓரிடத்துக்குப் போய்வர ஒரு பிள்ளைக்கு இருக்கும் ஒரே வண்டி சைக்கிள். வெளிநாட்டில் அப்பா இருக்கும் வீடுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்: கொண்டுவிட, கூட்டிவர ஆள் இல்லாத வீட்டில் மகளுக்குச் சைக்கிள் என்பது டியூஷன், நூலகம், தோழி வீடு. டச்சு இயக்கம் குழந்தைகளின் பெயரைச் சொல்லித் தொடங்கியது தற்செயலாக நடந்ததென்று நான் நினைக்கவில்லை. அங்கே 1930களிலிருந்தே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலைத் தேர்வு வைக்கிறார்கள். இன்றும் பல பள்ளிகளில் பதினோரு பன்னிரண்டு வயதில் பிள்ளை உண்மையான தெருவில் ஓட்டிக் காட்டவேண்டும். தேர்வு வைக்குமளவுக்கு அந்தத் தெரு பிள்ளைக்கு உரியதாக இருக்கிறது.

இடம் இல்லை, காசு இல்லை என்பது கடைசி ஆட்சேபம், எனக்கு மிகவும் பலவீனமாகத் தோன்றுவதும் அதுதான். நெதர்லாந்தின் கிராமத்துச் சாலைகளும் குறுகியவையே. தனித் தடம் போட இடமில்லாத இடங்களில் இரண்டு ஓரத்திலும் சைக்கிளுக்கு அகலமான பட்டை வரைந்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு காருக்கான அகலத்தை மட்டும் விடுகிறார்கள். எதிரெதிரே இரண்டு கார் வந்தால், பட்டையில் சைக்கிள் இல்லையா என்று பார்த்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். செலவு பெயிண்ட்தான். நம்மூரில் அவ்வளவுகூட உடனே வேண்டாம்: தாருக்கும் மண்ணுக்கும் இடையிலான பள்ளத்தை நிரப்பி, பள்ளியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு மண்ணோரத்தைக் கெட்டித்து, வேகத்தடையை பஸ்ஸுக்கு மட்டும் போட்டு ஓரத்தில் ஒரு முழம் சமதளமாக விட்டால் போதும். சாலை ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி சேர்க்கவேண்டும். அந்த வரியைக் கேட்கும் ஆள்தான் இன்னும் உருவாகவில்லை. சைக்கிளில் போகிறவர்களில் பலருக்கு ஓட்டுப்போடும் வயது ஆகவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

டச்சுச் சாலை விதிகளில் எனக்குப் பிடித்தது சின்ன விஷயம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் சைக்கிள் ஓட்டலாம் என்று சட்டமே சொல்கிறது. பேசிக்கொண்டு போகலாம் என்று எழுதவில்லை, அதற்குத்தான் அது. லப்பைக்குடிக்காட்டுச் சாலையிலும் பள்ளி விட்டதும் பிள்ளைகள் இரண்டிரண்டாகத்தான் கிளம்புகிறார்கள், ஒருத்தி கை மற்றவள் ஹேண்டிலில் இருக்கிறது. பின்னால் லாரி ஹாரன் கேட்டதும் முன்னும் பின்னுமாகப் பிரிகிறார்கள், சரளையில் இறங்குகிறார்கள். லாரி போகிறது. புழுதி அடங்குமுன் மறுபடி பக்கத்தில் வந்துவிடுகிறார்கள், விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்கிறது.